ஆண்மை என்னும் சொல்

உடல் வலிமைக்கும் தந்தையாகும் திறனுக்கும் ‘ஆண்மை’ என்று ஒரே பெயரைச் சூட்டி வைத்திருக்கிறோம். ஒன்று பெருகினால் மற்றொன்றும் பெருகும் என்று நம்பவும் பழகிவிட்டோம்.

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. 1889-இல் பாரிஸில் பிரௌன்-செக்கார் என்ற பேரறிஞர், தம்முடைய 72-ஆம் வயதில், விலங்குகளின் விதையைப் பிழிந்த சாற்றை ஊசி வழியே ஏற்றிக்கொண்டு, இழந்த தெம்பு திரும்பியதாக அறிவித்தார். பாவம், அந்தச் சாற்றில் சத்து ஏதும் இருந்திருக்காது! உண்மையான சத்தாகிய டெஸ்டோஸ்டிரோன் 1935-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது.

கிழவர் தேடியது கிடைத்துவிட்டது. ஆனால் உடலின் கணக்கு வேறாக இருந்தது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் விதைகளை வேலை வாங்குகிறது. வெளியிலிருந்து ஊசியாக வந்த சத்து இரத்தத்தில் நிறைந்ததும், இனி வேலை வேண்டாம் என்று அது சும்மா இருந்துவிடுகிறது. விந்தணு உருவாக, விதைக்குள்ளேயே அந்தச் சத்து இரத்தத்தில் உள்ளதைப்போல் பல மடங்கு சுரக்க வேண்டும். ஊசி அந்த இடத்தை நிரப்புவதில்லை. தோள் திரள்கிறது, வித்து வற்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதைக் கருத்தடை முறையாகவே சோதித்துப் பார்த்தது. 1990-இல் வெளியான அந்த ஆய்வில், வாரந்தோறும் ஊசி போட்டுக்கொண்ட 271 ஆண்களில் 157 பேருக்கு விந்தணு அறவே இல்லாமற் போயிற்று.

உடலில் இச்சத்து உண்மையாகவே குறைந்தவர்களுக்கு இது நல்ல மருந்து. அதைக் குறை கூற நான் யார்? விரைவில் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இதைத் தரலாகாது என்கிறார்கள் மருத்துவர்கள். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் விந்தணு திரும்பும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

என்னை உறுத்துவது உடற்பயிற்சிக் கூடத்தில் எவரோ சொன்னதைக் கேட்டு, மார்பு அகல வேண்டும் என்று ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞனின் நிலை. அறியாமல் செய்தவரை அவனிடம் குற்றமில்லை. அறிந்த பிறகு? ‘என் உடல், என் விருப்பம்’ என்பான். மணமாகாதவன் சொன்னால் சரி. ஒருத்தியோடு சேர்ந்து பிள்ளைக்காகக் காத்திருப்பவன் அப்படிச் சொல்ல முடியுமா? ‘மலடி’ என்ற சொல் நம்மவர் நாவில் எவ்வளவு எளிதாகப் புரளுகிறது! ‘மலடன்’ அகராதியில் உறங்குகிறது. அந்த உறக்கத்தின் நிழலில்தான் இவன் பேசாமல் இருக்கிறான். சொன்னால் ஆண்மை குறைந்துவிடுமாம்!

அவன் அந்த ஊசியைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். அடுத்த நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், தன்னுடைய சோதனைச் சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு.