கைக்குக் கை



சென்ற மாதம் ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பின் எங்கள் மஹல்லாப் பெரியவர் ஒருவர் என் முன்னே நூறு ரியால் நோட்டு ஒன்றை வைத்தார். ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்பியவர். மக்கமாநகரில் தெருவோரம் நின்ற ஒருவனிடம் டாலரை மாற்றியபோது வந்த நோட்டு அது. கள்ள நோட்டு என்று கடைக்காரர் திருப்பித் தந்துவிட்டாராம். "ஹஜ்ரத், என் பேரன் உம்ராவுக்குப் போகிறான். கூட்டத்தில் எங்காவது தள்ளிவிடச் சொல்லிக் கொடுத்தனுப்பட்டுமா? நானும் ஏமாந்துதானே வாங்கினேன்!" என்று கேட்டார்.

இதற்கு மறுமொழி கூறுமுன், ஏமாறாதிருப்பது எப்படி என்று சிறிது பார்ப்போம். ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டவேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த பாடம். ஹரம் ஷரீஃபுக்கு வந்துவிட்டோம், இங்கே யார் ஏமாற்றப் போகிறார்கள் என்று பையைத் திறந்து வைப்பது தவக்குல் ஆகாது, அது கவனக்குறைவு.

முன்னர் இந்திய ஹஜ் கமிட்டி புறப்படும் இடத்திலேயே ஹாஜிகளுக்கு 2100 ரியால் வழங்கி வந்தது. 2023ஆம் ஆண்டு ஹஜ் முதல் அந்த முறை மாறி, பயணிகளே பணம் மாற்றிக்கொள்ளும் நிலை வந்தது. ஆகவே நாணய மாற்றின் சட்டத்தை அறிவது இன்று ஒவ்வொரு ஹாஜிக்கும் அவசியமாகிவிட்டது.

உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தங்கத்துக்கு வெள்ளி என்று இனம் மாறும்போது விலையை விருப்பம்போல் பேசிக்கொள்ளலாம். ஆனால் கைக்குக் கை நடக்கவேண்டும் என்பது அதன் கருத்து. 1986இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, காகித நாணயத்துக்கும் தங்கம் வெள்ளியின் சட்டமே பொருந்தும் என்று முடிவு செய்தது.

இப்போது சிந்தித்துப் பாருங்கள். "ரூபாயை இன்று ஊரிலேயே தந்துவிடுங்கள், மக்கா வந்ததும் ரியாலாகத் தருகிறேன், விலையும் குறைவு" என்று ஒருவர் சொல்கிறார். தவணையில் நடக்கும் இந்த மாற்று, வட்டியின் வாசலில் கால் வைப்பதாகும். அதோடு, அங்கே போனபின் ஆள் அகப்படாமல் தவிப்பவரும் உண்டு. மார்க்கத்தைக் காக்கும் அதே சட்டம் நம் மடியையும் காக்கிறது!

ரசீது தரும் அனுமதி பெற்ற கடையிலோ வங்கியிலோ மட்டும் மாற்றுங்கள். 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்பதே நிலைத்த மதிப்பு. நூறு டாலருக்கு 375 ரியால். கடைக்காரர் தம் லாபத்துக்குச் சிறிது குறைப்பார், அது நியாயம். 400 தருகிறேன் என்று தெருவில் அழைப்பவன் யாருக்காக நஷ்டப்படுகிறான்? குறைத்து எண்ணியோ, கள்ள நோட்டைச் செருகியோதான் அவன் ஈடு செய்வான். "கமிஷன் இல்லை" என்ற பலகையைக் கண்டு மயங்காதீர்கள். கமிஷனை விலைக்குள்ளேயே ஒளித்திருப்பார்கள். கைக்கு எத்தனை ரியால் வரும் என்று முதலிலேயே கேளுங்கள்.

அரபி எழுத்தில் ஐந்து என்பது நம் கண்ணுக்குச் சுழியம்போல் தோன்றும். சுழியமோ வெறும் புள்ளி. எனவே நோட்டைத் திருப்பி, நாமறிந்த எண்ணைப் பாருங்கள். கவுன்ட்டரை விட்டு நகருமுன் நீங்களே எண்ணுங்கள். எண்ணும்போது ஒருவர் பேச்சுக் கொடுத்தால் நிறுத்தி, மீண்டும் முதலிலிருந்து எண்ணுங்கள். கார்டில் பணம் செலுத்தும்போது, ரூபாயில் கணக்கிடவா, ரியாலிலா என்று இயந்திரம் கேட்டால் ரியாலைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் பெரும்பாலும் மட்டமான விலையே கிடைக்கும்.

நாணய மாற்றுத் தொழிலில் இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் தமிழ் முஸ்லிம்கள் பலர் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள். வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரைத் திருமறையின் 83ஆம் அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. தராசுக்குச் சொன்னது நோட்டுக் கட்டுக்கும் பொருந்தும்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதையே பேசுகிறார்கள். கள்ளக் காசு கைக்கு வந்தால் எவர் கையும் எட்டாதபடி கிணற்றில் எறிந்துவிட வேண்டும் என்கிறார்கள். காரணம் என்ன? திருட்டு ஒருமுறையோடு முடிந்துவிடும். கள்ளக் காசோ கைமாறிக்கொண்டே போகும். அதை அறிந்தே தள்ளிவிட்டவன் இறந்த பின்னும் அதன் பாவம் அவன் ஏட்டில் ஏறிக்கொண்டே இருக்கும்.

இதைச் சொன்னபோது பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. "நூறு ரியாலை இழந்தது ஏமாந்ததால், ஹாஜியார். அதை இன்னொரு ஹாஜியின் பையில் போட்டால் இழப்பது நூறு ரியாலல்ல, பல்லாண்டு காத்திருந்து செய்த ஹஜ்ஜின் பலனை நீங்களே பாழாக்குவதாகும்" என்றேன். அவர் நோட்டை எடுத்து நான்காகக் கிழித்தார். "அல்ஹம்துலில்லாஹ், பாரம் இறங்கிற்று" என்றார்.

ஏமாறாத அறிவையும், ஏமாந்தாலும் ஏமாற்றாத நெஞ்சையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.