கற்றது ஊர் திரும்பட்டும்

 

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் பாதையில் கோலா தெர்லா என்னும் சிற்றூர் இருக்கிறது. பாதையோரம் காய்கறித் தோட்டங்கள். அப்பால் தேயிலை மலைகள். நம் வியாபாரிகள் பலர் இம்மலையை முட்டைக்கோசும் தக்காளியும் தேயிலையும் வரும் இடமாக மட்டுமே அறிவர். அங்கே படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை நாம் நினைப்பது குறைவு.

1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு, காடாயிருந்த இம்மலை தேயிலை நிலமானதில் தமிழ்த் தொழிலாளரின் வியர்வைக்குப் பெரும் பங்குண்டு. இன்று கொழுந்து பறிப்போரில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் பலர். எனினும், தமிழ்க் குடும்பங்கள் இன்னும் அங்கு வாழ்கின்றன. பொழுது விடியுமுன் வேலைக்குப் போய் மாலையில் களைத்துத் திரும்பும் தாய், பிள்ளையின் கணக்குப் பாடத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? நகரத்துப் பிள்ளைக்குத் தெருவுக்கொரு டியூஷன் வகுப்பு இருக்கிறது. மலையிலுள்ள பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

அதே ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன வாலிபன் இருக்கிறான் என்பதே நம் மறுமொழி. அவன் கற்ற கல்வி அவனுக்கு மட்டுமே சொந்தமானதன்று.

திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயமாகிய தௌபாவின் 122-ஆம் வசனத்தைச் சிந்தித்துப் பாருங்கள். எல்லாரும் ஒருசேரப் புறப்பட்டுவிடாமல், ஒவ்வொரு கூட்டத்திலும் சிலர் மார்க்க அறிவைத் தேட வேண்டும் என்றும், பின்னர் தம் மக்களிடம் திரும்பி அவர்களை எச்சரிக்க வேண்டும் என்றும் அது வழிகாட்டுகிறது. கற்கப் போவதோடு கடமை முடியவில்லை. திரும்பி வருவதும் அதில் அடங்கியிருக்கிறது. மார்க்கக் கல்விக்குச் சொன்ன இம்முறை மற்றக் கல்விகளுக்கும் பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம்.

மதீனாப் பள்ளிவாசலை ஒட்டித் திண்ணைத் தோழர்கள் என்னும் ஏழை மாணவர் கூட்டம் தங்கியிருந்தது. குர்ஆனை நன்கு கற்ற எழுபது அன்சாரி வாலிபர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். இரவு அவர்களுக்குப் படிப்பு நேரம். பகலிலோ பள்ளிவாசலுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். விறகு பொறுக்கி விற்று, அந்தக் காசில் திண்ணைத் தோழர்களுக்கும் வறியவர்களுக்கும் உணவு வாங்கிக் கொடுத்தார்கள். கல்விமான்கள் என்று பெயர் பெற்றவர்கள் விறகுக் கட்டைத் தலையில் ஏற்ற வெட்கப்படவில்லை. ஹிஜ்ரி நான்காம் ஆண்டில், மார்க்கம் போதிக்க அனுப்பப்பட்ட இவர்கள் பிஃரு மஊனாவில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மாத காலம் தொழுகையில் அதை எடுத்துரைத்து இறைவனிடம் முறையிட்டார்கள். அத்தகைய மாணவர்களின் மதிப்பு அதுவாகும்.

அதற்கும் முன்பு, பத்ருப் போரில் பிடிபட்டவர்களுள் பணமில்லாத, ஆனால் எழுதத் தெரிந்த கைதிகள், மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றார்கள் என்று வரலாறு கூறுகிறது. எதிரியிடமிருந்துகூடப் பொன்னுக்குப் பதில் பாடத்தைப் பெற்ற சமுதாயம் இது!

நம் கண்முன்னும் பாடம் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த டாக்டர் எம். தம்பிராஜா அவர்கள் 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும் தொண்டாசிரியர்களாகப் போய், தோட்டப்புற, ஏழை இந்தியப் பிள்ளைகளைத் தேர்வுகளுக்குத் தயாராக்கினார்கள். அவ்விடத்தில் படித்துப் பல்கலைக்கழகம் சென்றவர்கள் மீண்டும் அங்கேயே கற்பிக்க வந்தார்கள். சமயம் வேறாயினும் நற்செயலைப் பாராட்டுவதும், அதில் பாடம் பெறுவதும் முஸ்லிமுக்கு அழகேயாகும்.

வியாபாரப் பெருமக்களே! பெருநாள் விற்பனை ஒன்றை மட்டும் நம்பி எந்தக் கடை நிலைத்திருக்கிறது? நாள்தோறும் வரும் சில்லறை வாடிக்கைதானே வாடகையைக் கட்டுகிறது? அமல்களிலும் அப்படித்தான். சிறிதாயினும் விடாமல் செய்யப்படுவதே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பது நாயகத்தின் போதனை.

2014 நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. அத்தகைய நாளில் மண்வெட்டியோடு ஓடிவருவது பெருந்தொண்டுதான். ஆனால், மழைக்கு முன்பே தன் வீட்டெதிரில் அடைந்து கிடக்கும் வடிகாலைத் துப்புரவு செய்பவனை யார் படம் எடுக்கிறார்கள்? பாதையிலிருந்து இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையென நம் மார்க்கம் எண்ணியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத முதியவருக்கு அரசாங்கப் பாரம் நிரப்பிக் கொடுப்பதும், பாட்டியை மருந்தகத்துக்கு அழைத்துப்போய் மருந்துச் சீட்டை விளக்குவதும், விடுமுறையில் வாரம் இருமுறை நாலு பிள்ளைகளை உட்கார்த்திக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவ்வகைத் தொண்டுகளே. ஊருக்கு வர இயலாத மாணவன் கைத்தொலைபேசியிலேனும் ஒரு மணி நேரம் பாடம் சொல்லலாமே!

இதில் நம் குற்றமும் உண்டு. அதை ஒளிக்க வேண்டாம். உதவித்தொகை வழங்கும் விழாவில் காசோலை கொடுக்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அதன்பின் அந்த மாணவனை நாம் தேடுவதுமில்லை. அவனிடம் ஒன்றும் கேட்பதுமில்லை. கேட்காத கடன் வராக்கடனாகும் என்பது வியாபாரிக்குத் தெரியாததா? நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தாலோ, உடனே கல்லாவில் உட்கார்த்திவிடுகிறோம். பிள்ளை தொண்டுக்குப் போனால் வேலை கெடும் என்கிறோம். போகவிடாமல் தடுத்த பங்கு நம் ஏட்டில்தானே எழுதப்படும்?

ஆகவே, மூன்று காரியங்களை வேண்டுகிறோம். உதவித்தொகை பெறும் ஒவ்வொரு மாணவனிடமும், ஊரிலுள்ள ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பொறுப்பேற்கும்படி அன்போடு கேளுங்கள். உங்கள் மகனையோ மகளையோ வாரத்தில் இரண்டு மணி நேரம் கடையிலிருந்து விடுவியுங்கள். கடைக்குப் பின்புறமுள்ள அறையில் ஒரு விளக்கும் நாலு நாற்காலியும் போட்டுக் கொடுங்கள். அங்கே வந்து அமரும் பிள்ளை எந்த மதமென்று கேளாதீர்கள். அண்டை வீட்டாரின் உரிமை மதம் பார்த்து வருவதன்று.

கோலா தெர்லாவின் குளிரில், வேலை முடிந்து வரும் ஒரு தாய், தன் பிள்ளை தானாகவே கணக்குப் போடுவதைக் காண்பாளாயின், அவள் நெஞ்சிலிருந்து எழும் வாழ்த்து நமக்கு எந்த இலாபத்தினும் பெரிது.

யா அல்லாஹ்! எங்கள் வாலிபர்களின் கல்வியைப் பயனுள்ள கல்வியாக்குவாயாக! அவர்கள் கரங்களைத் தடுக்காத மனத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.