பயின்ற இடத்திலேயே பயிற்றுவித்தல்

மாணவராகச் சேர்ந்த பல்கலைக்கழகத்திலேயே ஆய்வுப் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியராகி, அங்கேயே ஓய்வு பெறுவதைத் தமிழ்ச் சமூகம் பெருமையாகவே கருதி வந்திருக்கிறது. படிப்பித்த இடத்துக்கு உழைப்பது நன்றிக்கடன் என்பார்கள். ஆனால் ஒரு பணியிடம் உள்ளூர் மாணவருக்குப் போகும்போது, அதே தகுதியோடு வெளியிலிருந்து விண்ணப்பித்த ஒருவர் திரும்பிப் போகிறார். அந்த நன்றிக்கடனை யார் கணக்கில் தீர்க்கிறார்கள் என்பதில்தான் இதன் அறச்சிக்கல் தொடங்குகிறது.

பூந்தமல்லியிலிருந்து செம்பரம்பாக்கம், தண்டலம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில் இந்தச் சிக்கலை நேரில் காணலாம். சாலையை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகள், அவற்றைத் தாண்டினால் தொழிற்சாலைகள். எம்.இ. முடித்த கையோடு படித்த துறையிலேயே உதவிப் பேராசிரியராகச் சேர்வது இந்த வட்டாரத்தில் புதிதல்ல. அப்படிச் சேர்ந்தவரிடம் வேறெவரிடமும் இல்லாத ஒன்று உண்டு. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்த மாணவர் முதல் செமஸ்டரில் ஏன் வாய் திறப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். அவரும் அதே பெஞ்சில் அப்படி உட்கார்ந்திருந்தவர். வகுப்பில் கேட்க முடியாத சந்தேகத்தை வராந்தாவில் கேட்க வரும் மாணவருக்காக ஐந்து நிமிடம் நிற்கத் தெரிந்தவர். இந்த அறிவை எந்த நேர்முகத் தேர்வும் அளப்பதில்லை. இதைச் சிறிதாக எண்ணுவது தவறு.

கெடுதலும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. நேற்றுவரை நெறியாளராக இருந்தவர் இன்று துறைத்தலைவர். அவர் அறைக்குள் வந்தால் இளைய ஆசிரியர் பழைய பழக்கத்தில் எழுந்து நிற்பார். அந்த மரியாதை நல்லதே. ஆனால் பாடத்திட்டக் கூட்டத்தில் ஒரு பாடம் காலாவதியாகிவிட்டது என்று இளையவர் சொல்ல வேண்டிய நேரத்தில், எழுந்து நின்ற அந்தப் பழக்கமே வாயை அடைத்துவிடுகிறது. தான் மாணவராக எழுதிய லேப் ரெக்கார்டின் படிகளையே, படம் மாறாமல், தன் மாணவருக்கும் கொடுப்பார். கல்லூரிக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தது, 2014இல் மூடியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. இவ்வளவு மாற்றத்தையும் வகுப்பறை ஜன்னல் வழியே மட்டும் பார்த்த ஆசிரியர், தன் மாணவர் வேலைக்குப் போகப்போகும் உலகத்தைப் பற்றி என்ன சொல்லித்தர முடியும்? நன்னூலின் பாயிரம் ஆசிரியருக்குரிய பண்புகளில் உலகியல் அறிவையும் சேர்த்தே எண்ணுகிறது. நடுவுநிலைக்கு நிறைகோலை உவமை காட்டுகிறது. இரண்டுமே இங்கு பொருந்தும்.

வாழ்நாள் முழுதும் ஓரிடத்தோடு பிணைந்தவர் கதவைத் திறந்தும் வைக்கலாம் என்பதற்குச் சென்னையில் சான்று உண்டு. ஆ. இலட்சுமணசாமி முதலியார் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, 1939இல் அதன் முதல்வரானவர். 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். இவ்வளவு நீண்ட காலம் ஒருவரே பதவியில் இருந்தது நல்ல முன்மாதிரி என்று சொல்ல முடியாது. ஆயினும் இயற்பியல் துறைக்குத் தலைவரைத் தேடியபோது அவர் வளாகத்துக்குள் பார்க்கவில்லை, சி.வி. ராமனை அணுகினார். ராமன் பரிந்துரைத்தது, பெங்களூரில் தம்மிடம் ஆய்வு செய்து பின்னர் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்ற கோ.நா. ராமச்சந்திரனை. 1952இல் முப்பது வயதை ஒட்டிய இளைஞராக அவர் சென்னைக்கு வந்தார். 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் புரதத்தின் முச்சுருள் அமைப்பை முன்வைத்தார். புரத ஆய்வில் இன்றும் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் இங்கிருந்தே வெளிவந்தது. உள்ளூர் விசுவாசத்துக்கு அந்தப் பதவியைப் பரிசாகக் கொடுத்திருந்தால் இழப்பு எவ்வளவு என்று எவரும் அறிந்திருக்கவே மாட்டார்கள். இத்தகைய இழப்பின் கொடுமை அதுதான், அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

போய்த் திரும்பி வருவது இன்னொரு வழி. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், பாதுகாப்பு ஆய்விலும் விண்வெளித் துறையிலுமாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெளியே பணியாற்றிய பின், 2001இன் இறுதியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். எம்.ஐ.டி. 1978இலேயே அந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகிவிட்டிருந்தது. வெளியே போய் வருவதைப் பொதுவான எதிர்பார்ப்பாகவே வைத்த நாடும் உண்டு: ஜெர்மனியில் சொந்தப் பல்கலைக்கழகத்தவரையே பேராசிரியராக உயர்த்துவதைத் தவிர்ப்பது நெடுநாள் மரபு.

எல்லோரையும் வெளியே போய் வரச் சொல்வதிலும் அநீதி உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரியான பெண், சிறு குழந்தையோடும் வயதான மாமியாரோடும் திருமழிசையில் குடியிருப்பவர், மூன்றாண்டு வேறு மாநிலத்தில் ஆய்வு செய்துவிட்டு வரட்டும் என்பது ஏட்டில் நியாயமான விதி. நடைமுறையில் அது அவரை ஆசிரியப் பணியிலிருந்தே விலக்கிவிடும். வசதியுள்ளவருக்கு மட்டும் வழிவிடும். உள்ளூர் நியமனத்தைத் தடுப்பதைவிட நியமன நடைமுறையைச் சீராக்குவதே மேல். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் நேரடி நியமனத்துக்கு அகில இந்திய விளம்பரத்தையும் வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர்களையும் கேட்கின்றன. அது சடங்காகாமல் இருக்க வேண்டுமானால், விண்ணப்பித்தவரின் நெறியாளர் தேர்வுக் குழுவில் அமரக் கூடாது. உள்ளூரிலேயே நியமனம் பெற்றவரை, சம்பளம் குறையாமல், அருகிலுள்ள ஆலைக்கோ வேறு ஆய்வகத்துக்கோ சில மாதம் அனுப்பும் கடமை நிறுவனத்தைச் சேரும். செம்பரம்பாக்கத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை தொலைவில்லை. அந்தப் பெண் மாலையில் வீடு திரும்பிவிடலாம். நெறியாளரோடு கருத்து மாறுபடும் துணிவு மட்டும் அவர் தாமே வளர்த்துக்கொள்ள வேண்டியது. அதற்கு இடம் கொடுப்பது நெறியாளரின் பொறுப்பு.

ஓய்வு பெற்ற பிறகும் ஆசிரியர் உறவைத் தொடர்வதில் தவறில்லை. துறை கேட்டால் ஒரு விருப்பப் பாடம் எடுக்கலாம், நூலகத்துக்கு வரலாம், அறக்கட்டளை நிறுவலாம். தம் மாணவருக்குப் பதவி உயர்வு பேசுவதும், துறைக் கூட்டத்தில் பழைய இருக்கையில் அமர்வதும் வேறு. அவருடைய இடத்துக்கு வந்தவர் தயக்கமில்லாமல் பாடத்தை மாற்றும் அளவுக்கு அவர் விலகியிருக்க வேண்டும்.