சுவருக்கு இருபுறமும்

செம்மநத்தத்தில் காப்பித் தோட்டத்து வேலியோரம் நடக்கையில் எனக்கு வடக்கன்குளம் ஞாபகம் வந்தது. மாடு புகாமலிருக்க வேலி வேண்டியதுதான். கோயிலுக்குள் எதற்கு?

திருநெல்வேலிச் சீமையில் உள்ள அவ்வூரில் 1872-ல் எழுந்த கத்தோலிக்கக் கோயில், கால்சட்டையின் இரு கால்களைப் போன்றது. இரண்டு நீண்ட கூடங்கள், அவை கூடுமிடத்தில் பீடம், நடுவே சுவர். ஒருபுறம் பிள்ளைமாரும் முதலியாரும், மறுபுறம் நாடார் முதலிய மற்றவர்கள். எல்லோருக்கும் பீடம் தெரியும், ஒருவரையொருவர் தெரியாது. ஒரே குருவானவர், ஒரே பூசை. சடங்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகச் சொன்னார் அல்லவா ஏசு? அந்தச் சகோதரன் வெகுதூரத்தில் இல்லை. ஒரு சுவர் தள்ளித்தான் முழந்தாளிட்டிருந்தான். சண்டை வேண்டாமென்று சுவருக்கு இசைந்தவர்கள் பாதிரிமார்தாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1910-ல் சுவர் இடிக்கப்பட்டது. பூசையில் ஓர் எழுத்துக் குறையவில்லை. ஆனாலும் பிரிந்திருப்பது தங்கள் உரிமையென்று வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அவர்களைப் பக்தியற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பழகிய வழிபாடு அவர்களிடம் கஷ்டமானதாக ஒன்றும் கேட்டதில்லை. கேட்ட அன்று வக்கீலைத் தேடிப் போனார்கள்.