இரு தேர்வுகள், இரு நீதிகள்

மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வும், மருத்துவராகத் தொழில் புரிவதற்கான உரிமத் தேர்வும் வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பினும், அவற்றின் பின்னுள்ள அறவியல் வினாக்கள் வேறானவை. முன்னது, எல்லோருக்கும் போதாத ஒரு நன்மையை யாருக்கு அளிப்பது என்று கேட்கிறது; அரிஸ்டாட்டில் வகுத்த பங்கீட்டு நீதி, அதாவது பொதுப்பொருளை உரியவர்க்குப் பகிரும் நீதி, இதன் களமாகும். பின்னது, நோயாளியின் உடலை இவரிடம் நம்பி ஒப்படைக்கலாமா என்று கேட்கிறது.

மதிப்பிடும் முறையிலேயே இவ்வேறுபாடு புலப்படும். நீட் தேர்வின் 180 வினாக்களில் சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் கூடித் தவறான விடைக்கு ஒன்று குறைவதால், தவறாக நிரப்பிய ஒரு வட்டம் ஐந்து மதிப்பெண் வேறுபாட்டை உண்டாக்கி, தரவரிசையில் ஒருவரைப் பலருக்குப் பின்னே தள்ளிவிடுகிறது; ஓராண்டில் இடம் தந்த மதிப்பெண் மறு ஆண்டில் தராமலும் போகலாம். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பும் இந்தியர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்விலோ, 300க்கு 150 பெற்றவரும் 250 பெற்றவரும் ஒரே தகுதியை அடைகின்றனர். உடன் எழுதியவர்கள் எவ்வளவு பெற்றனர் என்பது அங்கே பொருட்டன்று.

ஆகவே, நுழைவுத் தேர்வின் தரவரிசையையே ஒருவரது தகுதியின் முழு அளவாகக் கொள்வது பொருந்தாது. பங்கீடு என்று வந்தபின், கற்ற சூழலின் ஏற்றத்தாழ்வைக் கருதுவதும் நீதியின் பகுதியே. அரசுப் பள்ளி மாணவர்க்குத் தமிழ்நாடு 2020இல் அளித்த 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு இவ்வடிப்படையில் நிற்கிறது. உரிமத் தேர்வில் அத்தகைய சலுகைக்கு இடமில்லை. ஏனெனில், தேர்வறைக்கு வராத நோயாளியே அங்கு முதன்மைத் தரப்பு. நூலைக் கற்று, செய்முறையைக் கண்டு, தானும் செய்து பழகியவன் அரசனின் இசைவு பெற்ற பின்னரே மருத்துவத்தில் இறங்க வேண்டும் என்னும் சுசுருத சங்கிதையின் விதியும் இக்கருத்தை ஒட்டியதே எனலாம்.

அமெரிக்காவின் யு.எஸ்.எம்.எல்.இ. முதற்கட்டத் தேர்வு உரிமத்துக்காக ஏற்பட்டதாயினும், சிறப்புப் பயிற்சி இடங்களுக்கு மாணவர்களை வடிகட்டும் கருவியாகவும் மாறிவிட்டமையால், 2022 ஜனவரி முதல் அதில் தேர்ச்சி, தோல்வி மட்டுமே அறிவிக்கப்படுகின்றன. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமோ, உரிமத்துக்கும் முதுநிலை இடத்துக்கும் ‘நெக்ஸ்ட்’ என்னும் ஒரே தேர்வை வகுத்து எதிர்த்திசையில் செல்கிறது. முந்துபவரைப் பிரித்தறிய அரிய நோய்கள் பற்றிய கடின வினாக்கள் வேண்டும். உரிமம் அளிக்கவோ, நாள்தோறும் வரும் காய்ச்சலிலும் நெஞ்சுவலியிலும் ஆபத்தைத் தவறவிடாதவரா என்று அறியும் வினாக்கள் வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் அடக்கினால் ஒரு பக்கம் குறைபடுவது இயல்பு. அக்குறை இடம் தேடுவோர் பக்கம் விழலாமேயன்றி, நோயாளியின் பக்கம் விழலாகாது.