லெபனானில் அப்போ மணி என்ன?

2023 மார்ச் 26 அன்று லெபனான் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் போயிருக்க வேண்டும். ரமலான் முடியட்டும் என்று சில நாள் முன்புதான் அரசு தள்ளிவைத்தது. மரோனைட் திருச்சபை மறுத்தது. ஒரே நாட்டில் இரண்டு மணி. கடைசியில் அரசே இறங்கிவந்து, 29 இரவு கடிகாரத்தை மாற்றியது.

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு உறுத்துவது அதற்குப் பின் நடந்தது. கணினிகள் நம்பும் நேர மண்டலத் தரவுத்தளம் முதலில் அரசாணையை ஏற்றது, சில நாளில் அந்தத் திருத்தத்தையே நீக்கியது. அதன் கணக்கில் 26-ஆம் தேதியே மணி மாறிவிட்டது. அரசை நம்பி எட்டு மணிக்கு வேலைக்கு வந்தவர், பதிவில் ஒன்பதுக்கு வந்தவர் ஆகிறார்.

பெய்ரூட்டுக்கு ஒரே நேரம்தான் எழுத முடியும், புரியுது. நானும் அதைத்தான் அப்டேட் செய்வேன். ஆனா அந்தப் பதிவை வைத்து அவரைத் தாமதம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.