உறைக்கு இட்ட உழைப்பு

அரபு இலக்கியம் ஓதத் தொடங்கும் மாணவனுக்கு விரைவிலேயே அறிமுகமாகும் சொற்களில் இரண்டு, ‘கிஷ்ர்’ என்பதும் ‘லுப்பு’ என்பதும். முன்னது தோல், பின்னது உள்ளீடு. வாதுமையை உடைத்துத் தோலை எறிந்துவிட்டுப் பருப்பை உண்பது போல, எந்தப் பொருளிலும் புறத்தை விடுத்து அகத்தைக் கொள்ள வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்லுவார்கள். ‘லுப்பு’ என்ற அச்சொல்லே அறிவுக்கும் பெயராகி, அறிவுடையோரை உள்ளீடுடையோர் என்று அழைக்கும் வழக்கும் அம்மொழியில் உண்டு. தமிழிலும் நாம் பயனற்றதை உமி என்றும் சக்கை என்றும்தானே ஒதுக்குகிறோம்? முப்பது ஆண்டுகளாக நானும் இந்தப் பாடத்தைத் தயக்கமின்றிச் சொல்லிக் கொடுத்து வந்தேன். சென்ற ஆண்டு, என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் செய்த மரப்பெட்டியை முன்னிட்டு அதில் எனக்கு ஓர் ஐயம் பிறந்தது. அதனையே அன்பர்களின் முன் வைக்கிறேன்.

அவர் இன்று கணினித் துறையில் நல்ல வேலையில் இருக்கிறார். அவருடைய பாட்டனார் கட்டிய பழைய வீடு இடிக்கப்பட்டபோது, பர்மாத் தேக்கினாலான கதவுப் பலகைகள் சில அவர் பங்குக்கு வந்தன. அவற்றை அறுத்து, தம் கணினிக்குத் தம் கையாலேயே ஒரு பெட்டி செய்வது என்று அவர் முடிவு செய்தார். அடுத்த தெருவில் வயது முதிர்ந்த ஆசாரி ஒருவர் இருக்கிறார். கண் மங்கியதால் தொழிலை ஏறக்குறைய விட்டுவிட்டவர். அவரிடம் போய் இழைப்புளி பிடிக்கவும் உளி தீட்டவும் கற்றுக்கொண்டு, மூன்று மாத விடுமுறை நாட்கள் அனைத்தையும் இந்தப் பெட்டிக்கே செலவிட்டார். கடையில் நான்காயிரம் ரூபாய் கொடுத்தால் இரும்புத் தகட்டுப் பெட்டி கிடைக்கிறது. இதைக் கண்டு மனம் பொறாத அவருடைய உம்மா, “ஹஜ்ரத், நீங்களாவது சொல்லுங்கள், என் பிள்ளைக்குப் பித்துப் பிடித்துவிட்டது” என்று என்னிடம் முறையிட்டார்கள்.

நானும் சொன்னேன். வீண் செலவைக் குறிக்க அரபு மொழியில் இரண்டு சொற்கள் உள்ளன. செலவிடவே கூடாத இடத்தில் செலவிடுவது ‘தப்தீர்’. விதையைக் கண்ட இடத்தில் இறைப்பது என்னும் பொருளிலிருந்து பிறந்த சொல் அது. செலவிடத் தக்க இடத்திலேயே அளவு மீறிச் செலவிடுவது ‘இஸ்ராஃப்’. “தம்பி, கணினி நான்கைந்து ஆண்டுகளில் பழையதாகிவிடும். நூறாண்டு நின்ற தேக்கை அதற்குச் சட்டையாகத் தைப்பது இஸ்ராஃப் அல்லவா?” என்று கேட்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. “சரி, ஹஜ்ரத்” என்று எழுந்து போய்விட்டார்.

அந்தப் பணிவு என்னைச் சுட்டது. ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதானால் முதலில் அப்பொருள் இன்னதென்று மனத்தில் உருவாகியிருக்க வேண்டும் என்பது எங்கள் கல்வியின் அரிச்சுவடி. கணினிப் பெட்டி என்றால் என்ன, அதற்கு மரம் ஏன், அதில் உழைப்பு எங்கே போகிறது என்று ஒன்றும் அறியாமலே நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். ஆகவே படிக்கத் தொடங்கினேன்.

படிக்கப் படிக்க வியப்பாக இருந்தது. மரமும் கணினியும் புதிதாகச் சேர்ந்த உறவினர் அல்லர். இன்று எல்லோர் மேசையிலும் கிடக்கும் ‘மவுஸ்’ என்னும் சிறு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ஆம் ஆண்டு வாக்கில், கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் எண்ணத்திற்குப் பில் இங்கிலிஷ் என்பவர் உருக்கொடுத்த முதல் மவுஸின் உடல் மரத்தால் ஆனது. உள்ளே இரண்டு உலோகச் சக்கரங்கள். 1976-இல் வெளிவந்த ‘சோல்’ என்னும் கணினிக்கு இரு பக்கங்களிலும் வாதுமைக் குடும்பத்தது போல் தோன்றும், ஆனால் வேறான ‘வால்நட்’ என்னும் அக்ரூட் மரப் பலகைகள்.

அதே 1976-இல்தான் ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கணினியும் விற்பனைக்கு வந்தது. ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்தார்; ஸ்டீவ் ஜாப்ஸ் விற்க வழி தேடினார். மவுண்டன் வியூ என்னும் ஊரில் ‘பைட் ஷாப்’ என்ற கடை வைத்திருந்த பால் டெரல் என்பவர் ஐம்பது கணினிகள் வேண்டும் என்றார். வந்து சேர்ந்தவையோ வெறும் மின்சுற்றுப் பலகைகள்! விலை 666 டாலர் 66 சென்ட். வாங்கியவரே விசைப்பலகையும், மின்மாற்றியும், தொலைக்காட்சித் திரையும் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி என்பதே கிடையாது. இருநூறு அளவிலேயே செய்யப்பட்ட அந்தப் பலகைகளுள் சிலவற்றுக்கு மரப்பெட்டிகள் செய்யப்பட்டன. அவற்றுள் பெயர் பெற்றவை, ஹவாய்த் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் ‘கோவா’ என்னும் மரத்தாலானவை. நம் ஊர் வேல மரத்துக்கு உறவான மரம் அது. அத்தீவு மக்கள் அதைக் குடைந்து ஓடம் செய்தார்கள். வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலும் மரப்பெட்டிக்குள் அமைந்த ஒரு முதல் ஆப்பிள் இருக்கிறது. அதன் முகப்பில் நிறுவனத்தின் பெயர் கையால் வெட்டப்பட்டிருக்கிறது. எழுத்துக்கள் சற்றே கோணல். அந்தக் கோணல் எனக்குப் பிடித்திருந்தது.

கோவா மரப்பெட்டியுடன் கூடிய ஒன்றின் வரலாற்றைக் கேளுங்கள். கலிபோர்னியாவின் சாஃபி கல்லூரியில் மின்னணுவியல் கற்பித்த பேராசிரியர் ஒருவர் அதனை வாங்கினார். அடுத்த ஆண்டே, 1977-இல், ஆப்பிளின் இரண்டாம் கணினி வந்துவிட்டது. புதியதை வாங்குவதற்காகப் பழையதைத் தம் மாணவர் ஒருவருக்கு 650 டாலருக்கு விற்றுவிட்டார். 2021 நவம்பரில் அது ஏலத்திற்கு வந்தபோது நான்கு லட்சம் டாலருக்குக் குறையாமல் விலைபோயிற்று.

இதைப் படித்ததும், என் தீர்ப்பே சரி என்று முதலில் மகிழ்ந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உள்ளிருந்த கருவி ஓராண்டில் பழையதாயிற்று. நான்கு லட்சம் கொடுத்தவர் அதைக் கொண்டு கணக்குப் போடவா வாங்கினார்? அரபியில் கணினிக்கு ‘ஹாஸூப்’ என்று பெயர். கணக்கிடுவது என்று பொருள். கணக்கிடாத ஹாஸூபுக்கும், நீர் இறைக்காத ஏற்றத்துக்கும் என்ன வேறுபாடு? எஞ்சி நிற்பது புகழும் பளபளக்கும் மரமும் மட்டுமே. வோஸ்னியாக்கின் பெயரை உலகம் அறியும். அந்தப் பெட்டியை இழைத்த தச்சரின் பெயரை நாம் யாரும் உச்சரிப்பதில்லை.

ஆனால் இன்னொரு கேள்வி இடையிலே வந்து நின்றது. அன்று அவர்கள் ஏன் பெட்டி தேடினார்கள்? திறந்து கிடக்கும் மின்சுற்றுப் பலகையை, பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில், சோற்றுத் தட்டு வைக்கும் மேசையில் வைக்க முடியுமா? மின்சாரம் தொடும், தூசி விழும், தண்ணீர் சிந்தும். ஆராய்ச்சிக்கூடத்துப் பொருளாக இருந்ததைக் குடும்பத்தோடு குடியிருக்கச் செய்தது பெட்டிதான். அப்படியானால் அது எறிந்துவிடும் தோலா, வீட்டுக்கு வாசற்படியா? தோலை எறியச் சொல்லிக் கொடுத்த நான், தோல் இல்லாமல் எந்தப் பருப்பும் முற்றுவதில்லை என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று தோன்றிற்று.

பிறகு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நானாகவே அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டி முக்கால் பங்கு முடிந்திருந்தது. ஆசாரியும் ஒரு முக்காலியில் அமர்ந்திருந்தார். கண்ணுக்குத் தெரியாததை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கக் கேட்க மாணவர் விளக்கினார்.

கணினிக்குள் வெப்பம் பிறக்கும். அதன் மூளையாகிய செயலி, மிகுதியாக உழைக்கும்போது நூறு டிகிரியை நெருங்குவதும் உண்டு. மரம் தீப்பற்ற ஏறத்தாழ 250 டிகிரிக்கு மேல் வேண்டுமாதலால் அந்த வெப்பத்தால் பெட்டி எரிந்துவிடாது. ஆனால் இரும்பைப் போல வெப்பத்தைக் கடத்தி வெளிவிடவும் மரத்தால் முடியாது. ஆகையால் காற்றுக்கு வழி வேண்டும். முன்பக்கம் கீழே 120 மில்லிமீட்டர் மின்விசிறிகள் இரண்டு குளிர்ந்த காற்றை இழுக்கின்றன. பின்பக்கம் மேலே ஒன்று சூடான காற்றைத் தள்ளுகிறது. முகப்பில் அழகிய கொடிவேலை செதுக்க வேண்டும் என்று தொடக்கத்தில் எண்ணியிருந்தாராம். அது காற்றின் வழியை அடைக்கும் என்று கண்டதும் விட்டுவிட்டு, நேரான மெல்லிய சட்டங்களை இடைவெளி விட்டு நிறுத்தியிருக்கிறார். பழைய வீடுகளின் சன்னல் அழி போல இருக்கிறது.

மின்சாரத்தின் நியாயம் வேறு. தகட்டுப் பெட்டியில், பலகையைத் தாங்கும் திருகுகள் வழியே பெட்டி முழுவதும் நிலத்தொடர்பு பெறுகிறது. வானொலி அலைகள் உள்ளிருந்து வெளியேறிப் பிற கருவிகளைக் கெடுக்காமலும் அத்தகடு தடுக்கிறது. மரத்துக்கு இவ்விரண்டும் தெரியாது. எனவே மரத்தின் உள்ளே ஓர் அலுமினியத் தட்டு வைத்து, மின்வழங்கியின் உலோகக் கூட்டோடு அதை இணைத்து, சுற்றிலும் மெல்லிய செப்பு வலை ஒட்டியிருக்கிறார். வெளியே பார்ப்பவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. இணைப்புகளில் ஆணியே இல்லை. மழைக்காலத்தில் மரம் குறுக்குவாட்டில் பருக்கும், கோடையில் சுருங்கும். நீளவாட்டில் அவ்வளவு மாறாது. அதனால் பக்கப் பலகைகளை ஒட்டாமல், சட்டத்தில் காடி எடுத்து அதற்குள் அசைய இடம் விட்டுச் செருகியிருக்கிறார்கள்.

“உள்பக்கத்தையும் இவ்வளவு இழைக்க வேண்டுமா? யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று கேட்டேன்.

ஆசாரி சிரித்தார். “பாய், வெளியே மட்டும் இழைச்சு எண்ணெய் பூசி, உள்ளே சும்மா விட்டா, ஒரு பக்கம் ஈரம் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது. ஒரு மழைக்குப் பலகை கோணிக்கும். அப்புறம் வெளிப்பக்கம் எதுக்கு?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. ‘இத்கான்’ என்று ஒரு சொல் இருக்கிறது. செய்வதை உறுதியாகவும் பிழையறவும் செய்வது. அதை நான் பல ஆண்டுகள் ஒழுக்கத்தின் பாடமாக விளக்கியிருக்கிறேன், ஏதோ மேலான மனிதர்களின் கூடுதல் சிறப்பு என்பது போல. ஆசாரிக்கு அது ஈரத்தின் கணக்கு. காணாத பக்கத்தைக் கைவிட்டால் காணும் பக்கமே கோணிவிடும் என்பதை அவர் ஒழுக்கமாகச் சொல்லவில்லை. மரத்தின் இயல்பாகச் சொன்னார்.

என் பழைய வாதம் ஒன்று இன்னும் மிச்சமிருந்தது. “எல்லாம் சரி தம்பி. உள்ளே இருப்பது ஐந்து ஆண்டில் போய்விடுமே?” என்றேன்.

“போகும், ஹஜ்ரத். பெட்டி போகாது” என்றார் அவர். தாய்ப்பலகையின் அளவையும் அதன் திருகுத் துளைகளின் இடங்களையும் 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஒரு முறையாக வகுத்ததாம். 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர். உள்ளேயுள்ள சில்லுகள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன. அந்தத் துளைகள் மாறவில்லை. பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். அதற்காகவே அவர் தட்டைத் தனியே வெளியே இழுக்கும்படி செய்து, வருங்காலத்துப் பெரிய கருவிகளுக்கென்று நான்கு விரற்கடை கூடுதல் இடமும் விட்டிருந்தார். நான் இஸ்ராஃப் என்று சொன்னது, ஒரு கணினிக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில். அவர் கட்டியதோ, குடியிருப்போர் மாறிமாறி வரும் ஒரு வீடு. தகட்டுப் பெட்டிக்கும் அந்த இடவசதி உண்டு என்று ஒருவர் சொல்லலாம், உண்மை. ஆயினும், பழுதானால் அதைத் தூக்கி எறிவோமேயன்றி, இழைத்துச் செப்பனிடப் போவதில்லை.

எனவே என் தீர்ப்பை அங்கேயே, ஆசாரியின் முன்னிலையிலேயே, திரும்பப் பெற்றுக்கொண்டேன். பாதியைத்தான். மரத்தைப் பற்றி நான் சொன்னது தவறு. காலத்தைப் பற்றி அவருடைய உம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. மூன்று மாதமாக மருத்துவரிடம் அழைத்துப் போக ஆளில்லாமல் அவர்கள் தனியே ஆட்டோ ஏறிப் போனார்கள். தேக்கு அவருடைய பங்கு. விடுமுறை நாட்கள் முழுவதும் அவருடைய பங்கு அல்ல. இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. முன்பு நான் இஸ்ராஃப் என்று சொன்னபோது இப்படி வாடவில்லை. ஆகவே இம்முறை சரியான இடத்தில் தொட்டேன் என்று அறிந்தேன்.

மறு மாதம் அவரும் உம்மாவும் சேர்ந்து வந்து அழைத்தார்கள். பெட்டி முடிந்து, ஆளிவிதை எண்ணெய் மூன்று முறை பூசப்பட்டிருந்தது. (எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்து உலர்த்த வேண்டும் என்று உம்மாவே எனக்குச் சொன்னார்கள். வீடே தொழிலைக் கற்றுக்கொண்டுவிட்டது.) முகப்பில் செதுக்க ஓர் அரபு வாசகம் எழுதித் தரும்படி மாணவர் கேட்டார். ஸ்மித்சோனியனில் இருக்கும் அந்தக் கோணல் எழுத்துக்கள் என் நினைவுக்கு வந்தன. “முகப்பு இப்படியே இருக்கட்டும்” என்றேன்.

பக்கப் பலகையைக் கழற்றினார். உட்புறம், செப்பு வலை முடியும் ஓரத்தில், ஆசாரி தம் பெயரைக் கரித்துண்டு போன்ற தடித்த பென்சிலால் எழுதியிருந்தார். அதன் கீழே மாணவரின் பெயர். தேதி எழுதவில்லை, ஹிஜ்ரி ஆண்டை நான் எழுத வேண்டும் என்று காத்திருந்தார்களாம். ஆசாரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். குனிந்து எழுதினேன். பலகையை மறுபடி காடியில் செருகினார்கள். பாதியில் சற்றுப் பிடித்தது, பிறகு இறங்கிற்று.